உரித்து வைத்த பேட்டரிகள்

மருமகள் வாயசைப்பதும் மகன் சிரிப்பதும் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. ஸ்டோர்கீப்பர் காது மெஷினைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். போன வாரம் போட்ட பேட்டரி அதற்குள் தீர்ந்திருந்தது. டப்பாவிலிருந்து வேறொன்றைப் போட்டார். அதிலும் உயிரில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் தெருவில் அவர் இன்றைக்கும் ஸ்டோர்கீப்பர்தான். தொழிற்சாலையில் சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் உள்ளே விட்டதே இல்லை. இந்தப் பேட்டரிகளையும் வாங்கிய அன்றே ஒவ்வொன்றாக ஸ்டிக்கரை உரித்து, மெஷினில் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எடுத்து வைத்தார். அத்தனையும் நல்ல சரக்கு. அப்படியானால் யாரோ மாற்றியிருக்க வேண்டும்.

யாரோ என்ன யாரோ, மருமகள்தான். வீட்டை விற்க ஏதோ குசுகுசுப்பு நடக்கிறது, கிழவன் காதில் விழக்கூடாது என்று தீர்ந்த பேட்டரியை வைத்துவிட்டு நல்லதை எடுத்துவிடுகிறாள். அடுத்த டப்பாவை வழக்கம்போல் சோதித்துப் பீரோவில் பூட்டினார். அதுவும் தீர்ந்தது. மாற்றுச் சாவி இருக்கும், மகனும் கூட்டு என்று சந்தேகத்துக்கு வால் முளைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு கூடத்துக்கு வந்து நின்றார்.

"வீட்டை வித்துக்குங்க. அதுக்காக என் பேட்டரியை மாத்தி வைக்க வேண்டாம். நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன்."

எந்த வீட்டை என்று புரியாமல் இருவரும் விழித்தார்கள். அவர் காதைத் தொட்டுக் காட்டியதும், மருமகள் ஓடிப்போய்ப் புதுப் பேட்டரி அட்டை ஒன்று வாங்கி வந்தாள். அவர் ஒன்றை மெஷினில் போட்ட கையோடு, மற்றவற்றின் ஸ்டிக்கரையும் மளமளவென்று உரிக்கத் தொடங்கினார். இந்தத் தடவை சாட்சி வைத்துச் சோதித்துவிட வேண்டும் அவருக்கு.

அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். "மாமா, எல்லாத்தையுமா உரிச்சு வைப்பீங்க?"

அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினாள். ஸ்டிக்கரை எடுத்ததும் காற்று புகுந்து பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும். மெஷினில் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும், திரும்ப ஒட்டினாலும் நிற்காது. தேவைப்படும்போது ஒன்றை மட்டும் உரிக்க வேண்டும்.

ஸ்டோர்கீப்பரின் முகம் சுண்டிவிட்டது. நல்ல பேட்டரிகளைப் பாழாக்கியது அவர் கைதான். பழி சுமந்தது இந்தப் பெண்.

மகன் தரையைப் பார்த்தபடி முனகினான். "மெஷின் வாங்கின அன்னிக்கே கடையில என்கிட்ட சொன்னாங்க. அப்பாகிட்ட கத்திச் சொல்லணுமேன்னு விட்டுட்டேன்."

"மெஷின் அவர் காதுக்கு, விளக்கம் மட்டும் உங்க காதுக்கா?" என்றாள் அவள். "பக்கத்துல வெச்சுக்கிட்டே அவரைத் தாண்டிப் பேசினா சந்தேகம் வராம என்ன வரும்? நீங்களும்தான் மாமா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அவர் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"தப்புதாம்மா. காது மந்தமானவங்களுக்கு எதிர்ல உட்கார்ந்து சொல்லணும். சந்தேகப்படறவங்களும் எதிர்ல உட்கார்ந்து கேக்கணும். இது ரெண்டும் இல்லாத வீட்டுல எத்தனை பேட்டரி மாத்தினாலும் யாருக்கும் எதுவும் கேக்காது."