முன்னால் பதினொரு பேர்

எஸ்கலேட்டரில் கால் வைக்கும்போது ஆண்டனி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவன் ஏஞ்சலைத் தொட்டதே இல்லை. கை ஜில்லென்று ஈரமாக இருந்தது.

"இன்னாய்யா, ஏசில இப்டி வேர்க்குது?"

"மீன்காரன் வேர்வைமே. ஏசிக்குலாம் பயப்படாது."

"நெஞ்சு இன்னும் வலிக்குதா?"

"காலைல துன்ன வடை. கேஸு. ஒரு சோடா அடிச்சா சரியாப்பூடும். நீ சட்டையப் பாரு."

கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். தி.நகரே அந்தக் கடைக்குள் புகுந்தது போல் கூட்டம். பட்டினப்பாக்கத்தில் அவர்கள் வீட்டில் பண்டிகைப் பூசைக்கு எல்லோரும் ஒரே நிறத்தில்தான் போவார்கள். போன இரண்டு வருஷமும் ஆண்டனி மட்டும், "எனக்கு எதுக்கு?" என்று பழைய வெள்ளைச் சட்டையோடு நின்றான். இந்தத் தடவை விடுவதில்லை என்று ஏஞ்சல்தான் இழுத்து வந்திருந்தாள். அவளுக்கும் மகளுக்கும் மயில்கழுத்து நிறத்தில் எடுத்தாகிவிட்டது.

அதே நிறத்தில் சட்டையும் கிடைத்தது. பணம் கட்டி, முத்திரை குத்திய பில்லோடு டெலிவரி கவுண்டருக்கு வந்தால், முன்னால் பதினொரு பேர்.

"நீ வாங்கினு வா. நா குந்திக்கினு கீறேன்" என்று தூணருகே இருந்த பெஞ்சுக்குப் போனான் ஆண்டனி. அங்கே ஏற்கெனவே பைகளோடு ஏழெட்டுப் புருஷன்மார்கள்.

"வூட்டுக்காரர் எங்க, எஸ்கேப்பா?" என்றாள் முன்னால் நின்றவள்.

"அதோ" என்று காட்டினாள் ஏஞ்சல். காட்டிய இடத்தில் அவன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். 'போய்டலாமா?' என்று தலையசைத்துக் கேட்டாள். 'வாங்கிட்டு வா' என்று கை காட்டினான்.

எட்டுப் பேர். பின்னால் திரும்பிப் பார்த்தாள். வரிசை மாடிப்படி வரை நின்றது. இதை விட்டால் மறுபடி அங்கிருந்துதான்.

ஐந்து பேர். அவன் காலர் பட்டனைக் கழற்றினான்.

மூன்று பேர். பக்கத்தில் இருந்த தாடிக்காரப் பெரியவரின் தோளில் சாய்ந்திருந்தான். தூக்கந்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தாள். ஆனாலும் கால் வரிசையிலேயே நின்றது.

பையை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

பெரியவர் உடம்பை அசைக்காமல் மெல்லச் சொன்னார்: "அசந்து தூங்குறார்மா. எழுப்ப மனசு வரல. அதான் அப்டியே கீறேன்."

ஏஞ்சல் அவன் கையைத் தொட்டாள். எஸ்கலேட்டரில் பிடித்தபோது இருந்த ஈரம் காய்ந்திருந்தது.

மறுநாள் மத்தியானம், "நேரமாச்சு அண்ணி, சாமியார் வந்துட்டாரு" என்றாள் நாத்தனார். "புதுச் சட்டைதான் கீதே, அண்ணனுக்கு அதையே போட்டுரு."

அட்டையை உருவி, குண்டூசிகளை எடுத்து, மகளும் அவளுமாகப் போட்டுவிட்டார்கள். அளவு சரியாக இருந்தது. சவப்பெட்டியை மூட நாலு பேர் வந்து நின்றார்கள்.

"இருங்க" என்றாள் ஏஞ்சல்.

காலருக்குள் விரலை விட்டுத் தடவினாள். பின்கழுத்துப் பக்கம் இன்னும் ஒரு குண்டூசி இருந்தது. அதைப் பிடுங்கித் தன் முந்தானையில் குத்திக்கொண்டு, மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தாள்.