ஊர் பேசாத வீடு

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று எங்கள் குப்பத்தில் சீட்டுப் போட்டுத்தான் முடிவாகும். அந்த இடத்துக்குப் 'பாடு' என்று பெயர். போன வருஷம் ஊர்த்தலைவர் பெரியசாமி சீட்டே போடாமல் நல்ல பாட்டைத் தன் மச்சானுக்குக் கொடுத்தார். "இது இன்னா நியாயம்?" என்று கூட்டத்தில் என் வீட்டுக்காரர் துளசிங்கம் கேட்டார். கேட்டது ஒரே ஒரு கேள்விதான். எங்களை ஊர்விலக்கு வைத்துவிட்டார்கள். யாரும் எங்களோடு பேசக்கூடாது, படகில் ஏற்றக்கூடாது. எங்கள் படகையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

அம்மன் திருவிழாவுக்கு மணலில் திரை கட்டிப் படம் போட்டார்கள். எங்கள் வீடு திரைக்குப் பின்பக்கம். வாசலிலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது. ஏழைகளின் நிலத்தைப் பிடுங்கியவனை ஒரு முகமூடிக்காரன் தேடிப்போய் உதைத்தான். ஊரே விசிலடித்தது. பெரியசாமியும் கைதட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப் பாவிகளா, நிழலுக்குத் தட்டுகிற கை எங்களுக்கு ஏன் நீளவில்லை?

உள்ளே என் வீட்டுக்காரர் காலையிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஆஸ்பத்திரிக்கு ஏரியைத் தாண்டிப் பழவேற்காடு போகவேண்டும். அதுவரை யாரிடமும் வாய்திறக்கப் பயந்திருந்தவள், நேராகப் போய்த் திரைக்கு முன்னால் நின்றேன்.

"படத்துல ஒருத்தன் தட்டிக்கேட்டா கை தட்றீங்க. எங்க வூட்ல கேட்ட மனுசன் சாவக் கெடக்குறாரு. ஒரு படகு குடுங்க."

"நவுரு திரௌபதி, படம் மறைக்குது" என்றார் பெரியசாமி.

என் வீட்டுக்காரரோடு வலை இழுத்த தருமன் மட்டும் எழுந்தான். "வா அண்ணி" என்று சொல்லிப் படகைத் தள்ளினான்.

பாதி ஏரியில், என் மடியிலேயே அவர் மூச்சு நின்றது.

மறுநாள் காலை ஊரே எங்கள் வாசலுக்கு வந்தது. "விலக்கு எடுத்தாச்சு" என்று பெரியசாமி சொன்னதும்தான் எல்லோரும் வாய்விட்டு அழுதார்கள். "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வருஷம் ஏங்கிய மனுஷன்.

பாடையைத் தூக்கப் பெரியசாமி குனிந்தார்.

"நீ தொடக்கூடாது மாமா" என்றேன்.

"தூக்க ஆளு வேணாமா?"

"நான் தூக்குறேன்."

எங்கள் பக்கம் பெண்கள் பாடை தூக்குவதில்லை. நான் ஒரு முனையைப் பிடித்தேன். தருமன் ஒரு முனையைப் பிடித்தான். மற்றவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பெரியசாமியின் முகத்தையே பார்த்து நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாடைக்கு நாலு தோள் வேண்டும். மூன்றாவது ஆளுக்காக என் வீட்டுக்காரரைத் தரையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.