கால் முறிந்த மாதத்துப் படங்கள்

திரையில் பேய் வந்ததும் தென்ரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஒன்றரை மணி நேரமாகக் கதவிடுக்கிலும் கிணற்றடியிலும் வெறும் நிழலாகப் போக்குக் காட்டிய ஜாவாக்காரப் பேய், கடைசியில் ஈரத் தலையோடு அடுப்படிக்கு வந்து அரிசி களைய உட்கார்ந்தது. ஹஸ்னாவுக்கு முதுகு சில்லிட்டுப் போயிருந்தது.

"செத்தும் வீட்டு வேல தீரல பாரு அவளுக்கு," என்றாள் தென்ரி.

 மறுநாள் காலையில் மடிக்கணினியைத் திறந்த ஹஸ்னா, தங்கை சொன்னதை அப்படியே திருடித் தன் குறிப்பில் சேர்த்துக்கொண்டாள். மாதக் கடைசியில், தான் பார்த்த படங்களைப் பற்றி இணையத்தில் எழுதுவது அவள் வழக்கம். அறுபது எழுபது பேர் படிப்பார்கள். தபால் நிலைய வேலைக்கு நடுவே மாதம் மூன்று படம் பார்த்தாலே அதிகம். பாரேபாரே ஊர் மீன் சந்தையின் ஈரப் படியில் வழுக்கி இடது கால் முறிந்ததில், இந்த மாதம் பதினொன்று ஆகிவிட்டது.

நிக்கல் சுரங்கத்தில் வேலையாயிருந்த கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளைக் கேட்காமலே கடல் தாண்டி பாலிக்பாப்பனுக்குப் போன் போட்டுத் தென்ரியை வரச் சொல்லிவிட்டான். அக்காவும் தங்கையும் பேசி நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மா மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோதும் தென்ரி வரவில்லை, இறந்தபோதும் வரவில்லை. இப்போது ஒற்றைப் பையோடு வந்து, மாத்திரை, சோறு, குளியல் என்று வேண்டியதை மட்டும் பேசினாள். மின்விசிறி இருந்த ஒரே அறையில் படமும் ஓடியதால், தானும் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினாள்.

படங்களைப் பற்றித்தான் இருவராலும் பேச முடிந்தது. ஒரு தையல்காரர் யார் யாருக்கோ கல்யாண உடுப்புத் தைத்துக்கொண்டே இருக்கும் கறுப்பு வெள்ளை ஜப்பான் படத்தில் அவர் ஊசி கோக்கும் காட்சி மட்டும் மூன்று நிமிடம் நீண்டது. ஹஸ்னா அதில் சொக்கிப்போனாள். "இந்த ஆளு நூலக் கோக்குறதுக்குள்ள நான் ஒரு பானை சோறு வடிச்சிருவேன்," என்ற தென்ரி, படம் முடிந்த பிறகு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி நேர இந்திப் படத்துக்கு அவள் அழுத அழுகையில் ஹஸ்னாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அழுவுறதுக்குன்னே எடுத்தா அழுதுட்டுப் போவேன், உனக்கென்ன?" என்றாள் தென்ரி. ஹஸ்னா எழுதினாள்: 'இந்தப் படத்தை நான் மதிக்காமல்தான் பார்க்க உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருத்தி மனம்விட்டு அழும்போது அப்படி இருக்க முடியவில்லை.'

பத்தாவது படம் அவர்கள் பக்கத்துக் கதை. சின்னத் தீவு ஒன்று. அம்மாவின் சாவுக்கு வரும் மகள், வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளைப் பார்த்துவிட்டு வந்த படகிலேயே திரும்பிவிடுகிறாள். கடலையும் உப்புக் காற்றையும் அப்படிப் படம்பிடித்த ஒருவரை ஹஸ்னா பார்த்ததே இல்லை. ஆனால் மகள் திரும்பிப் போகும் இடத்தில் பொறுக்க முடியாமல் படத்தை நிறுத்தினாள்.

"எல்லாம் நல்லா எடுத்துட்டு இங்க வந்து பொய் சொல்றான். வாசல் வரைக்கும் வந்தவ எவளாவது திரும்பிப் போவாளா?"

வாழையிலைப் பொதியைப் பிரித்துக்கொண்டிருந்த தென்ரியின் கை நின்றது.

"போவா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் போனேனே. அடக்கம் பண்ணின மறுநாள் கப்பல்ல வந்து இறங்கினேன். துறைமுகத்து டீக்கடையில நம்ம அம்மாவப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தாங்க. சாயங்காலம் அதே கப்பல்ல ஏறிட்டேன்."

"டீக்கடையிலேருந்து வீடு பத்து நிமிஷ நடைடீ!"

"தெரியும்க்கா. மூணு மாசமா வரேன் வரேன்னு சொல்லி ஏமாத்தினவ. அம்மாவும் போயிட்டாங்க. உன் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

ஹஸ்னாவுக்குக் கோபம் நெஞ்சு வரை வந்தது. அம்மா இறந்து துக்கம் கேட்க ஆட்கள் வந்த அந்த ஏழு நாளும் யாராவது கதவைத் தட்டும்போதெல்லாம் இவள்தான் என்று எழுந்து ஓடியது நினைவுக்கு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "மிச்சத்தப் போடு," என்றாள். முழுதும் பார்த்தார்கள்.

மாதக் குறிப்பில் அந்தப் படத்துக்குத்தான் அவள் அதிகம் எழுதினாள். 'திரும்பிப் போகும் காட்சி பொய்' என்று முதலில் எழுதிய வரியை எடுத்துவிட்டாள். அதற்குப் பதில் என்ன எழுதுவதென்று வெகுநேரம் யோசித்து, 'அந்தக் காட்சியை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அது உண்மை' என்று எழுதினாள். எழுதியதைத் தென்ரியிடம் நீட்டினாள். படித்துவிட்டு அவள் கணினியைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் பதினோராவது படம் பாதி ஓடும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஒரு வசனமும் கேட்கவில்லை. திரையில் புருசனும் பெண்டாட்டியும் வாயை வாயை அசைத்துச் சண்டை போட்டார்கள். தென்ரி அக்காவின் கட்டுப்போட்ட காலைத் தலையணையோடு மடிக்கு இழுத்துக்கொண்டு, அவள் பக்கம் சாய்ந்து, திரையிலிருந்த இருவருக்கும் தானே குரல் கொடுத்துச் சத்தம் போட்டுப் பேசத் தொடங்கினாள்.