பிடுங்கிய பென்டிரைவ்

இல்லாத விரல்கள்தான் அன்றைக்கு வலித்தன. வலது கையில் சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும். தகடு அடிக்கும் பிரஸ் எந்திரம் அவற்றை நசுக்கிப் பதினோரு மாதம் ஆகிறது. ஈரக்காற்று அடித்தால் இருக்கிற எட்டும் சும்மா கிடக்கும், போன ரெண்டும் குடையும்.

கை உள்ளே போகாமல் தடுக்கும் காப்புக் கம்பியைக் கழற்றியது மேஸ்திரி. ‘கம்பி இருந்தா கை மெதுவாப் போகுது’ என்று கழற்றினான். விசாரணையில் கதையை மாற்றினான்: “அவளே கழட்டினா. நான் அந்தப் பக்கமே போகலை. கேமராவும் அன்னைக்கு ஓடலை.” தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக் கேஸை மூடினார்கள். என் வார்த்தையை யார் எடுத்தார்கள்? இரக்கப்பட்ட மாதிரி என்னை ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். கேமரா பதிவெல்லாம் வந்து விழுகிற பெட்டியும் அதுதான். காசு கொடுத்து எதையும் வாங்காத முதலாளி, அதனால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். மற்றவர்கள் கிட்டே வரவில்லை. நான் எட்டு விரலால் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன்.

“ஏய் எட்டு!” மேஸ்திரி எனக்கு வைத்த பேர். “இந்தப் பென்டிரைவுக்கு என்ன கேடு? எதைப் போட்டாலும் ஏத்துக்க மாட்டேங்குது. மதியத்துக்குள்ள லோடு லிஸ்ட் கொண்டு போகணும்.”

“செருகுங்கண்ணே.”

கம்ப்யூட்டர் தானாக எழுதும் பதிவேட்டைத் திறந்தேன். எதைச் செருகினாலும் பிடுங்கினாலும் லினக்ஸ் நேரத்தோடு எழுதி வைக்கும், அந்தச் சாமானின் வரிசை எண்ணையும் சேர்த்து. உள்ளே பிழை, அதனால் எழுத விடாமல் பூட்டிவிட்டேன் என்றது. முறையாகக் கழற்றவில்லை என்றும் ஒரு வரி.

“சொல்லாம கொள்ளாம பிடுங்குவீங்களா?”

“பின்ன, கும்பிட்டுட்டா எடுப்பாங்க?”

பக்கத்து மேசையில் கணக்கு எழுதும் அக்கா சிரித்தாள்.

அந்த வரிசை எண்ணைப் பழைய பதிவேட்டில் தேடினேன். அவன் தொட்ட எதையும் நான் சும்மா விடுவதில்லை. என் விரல் போன தேதி வந்து நின்றது. விரல் போனது பத்து ஐம்பதுக்கு. பதினொன்று இருபதுக்கு இதே பென்டிரைவ் இதே பெட்டியில். மறுபடி மாலை நாலு ஐந்துக்கு. நாலு ஆறுக்குப் பிடுங்கியிருக்கிறான். காலையில் கேமரா பதிவை இதில் எடுத்திருப்பான்; மாலையில் பெட்டியிலும் இதிலும் அழித்திருப்பான்.

அழி என்றதும் பேர் முதலில் போகும். இடம் காலியாகக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் பிடுங்கினால் பேர் மட்டும் போய்ச் சரக்கு அப்படியே கிடக்கும். அந்த இடத்தில் வேறெதுவும் ஏறாது. இவன் என்றைக்குப் பொறுத்தான்?

சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன்.

“அண்ணே, பேரில்லாம பெருசா ஒண்ணு கிடக்குது. அழிச்சிரவா, வச்சுக்கவா?”

“அழிச்சுத் தொலைச்சிராதே! என் லிஸ்ட் ஏதாச்சும் இருக்கும். வை!”

“அக்கா, கேட்டுக்கிட்டீங்களா? வைக்கச் சொல்றாரு.”

“என் காது என்ன வாடகைக்கா போயிருக்கு?” என்றாள் அக்கா.

வைத்தேன். பெட்டியில் ஒரு பிரதி. அன்றைக்கு விசாரித்த தொழிலாளர் அதிகாரிக்கு மெயிலில் ஒரு பிரதி.

“இன்னும் என்ன தட்டுற?”

“உங்க வேலைதாண்ணே.”

மெயில் போய்ச் சேர்ந்த பிறகு திரையை அவன் பக்கம் திருப்பி அந்தக் கேமரா காட்சியை ஓட விட்டேன். பத்து நாற்பத்தெட்டு. மேஸ்திரி ஸ்பானரோடு வருகிறான். காப்புக் கம்பியைக் கழற்றிக் காலால் ஓரமாகத் தள்ளுகிறான். வேகமா, வேகமா என்று கை காட்டுகிறான். நான் குனிந்து உட்காருகிறேன். அங்கே நிறுத்தினேன். மிச்சம் எனக்குத் தெரியும்.

அக்கா எழுந்துவிட்டாள். மேஸ்திரி பாய்ந்து பென்டிரைவைப் பிடுங்கினான்.

“பிடுங்குங்க. அது அதிகாரிகிட்டப் போய் அஞ்சு நிமிஷம் ஆச்சு.”

அவன் உதடு வெளுத்தது. “முதலாளிதாம்மா அழிக்கச் சொன்னாரு. நான் புள்ளைகுட்டிக்காரன்.” எட்டு போய் அம்மா வந்திருந்தது. “உனக்கு என்ன வேணும்னு சொல்லு, கணக்கைத் தீர்த்துடறேன்.”

வலது கையை விரித்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். எண்ணிப் பார்க்கட்டும்.

“ரெண்டு விரல் பாக்கி இருக்குண்ணே.”