ஊசி அலமாரியின் சாவி

முப்பத்தாறு கட்டில்கள் உள்ள அந்த வார்டுக்கு வேளைக்கு மூன்று செவிலியர் என்பது காகிதத்தில் இருக்கும் கணக்கு. கண்ணில் படுவது பெரும்பாலும் ஒருத்திதான். அந்த ஒருத்தியும் வராவிட்டால், முந்தைய வேளை பார்த்தவளே அடுத்த வேளையையும் இழுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அங்கே ‘அனுசரித்துப் போவது’ என்று பெயர். அனுசரித்துப் போகும் நேரம் வருகைப் பதிவேட்டில் ஏறாது. எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் கூடுதல் நேரம் வேலை பார்ப்பதில்லை என்று வருஷா வருஷம் மேலிடத்துக்கு அறிக்கை போகிறதே, அதற்குப் பங்கம் வந்துவிடக் கூடாதல்லவா?

அன்றைக்கு அனுசரித்துப் போனவள் எக்ஸ்பிரஸ். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஒன்பதாம் கட்டில்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எலும்பு வரை பரவிவிட்ட புற்றுநோயோடு இரண்டு மாதமாக அங்கே படுத்திருந்தார். எந்தக் கட்டிலிலும் நிற்காமல் பறக்கிறாள் என்பது அவருடைய புகார். வார்டின் தலைமைச் செவிலியான ஹெட் சிஸ்டருக்கு அவர் வைத்த பெயர் டெப்போ. இந்தக் கிண்டலெல்லாம் ஊசி போட்ட பிறகுதான். மருந்து இறங்கினால் வாய் திறக்கும். மருந்து தீர்ந்தால் பல்லைக் கடித்துக்கொள்வார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊசி. நாலு, பத்து, மறுபடி நாலு, பத்து. அதுதான் அவருடைய கடிகாரம்.

முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு வேலைக்கு வந்த எக்ஸ்பிரஸ், காலை எட்டு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். காலையில் வர வேண்டியவளுக்குக் காய்ச்சல். ஹெட் சிஸ்டர் எதிரே வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்தார். “சரி சிஸ்டர்” என்று இவளே சொல்லிவிட்டாள். அதன் பிறகு உட்காரவில்லை. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அதற்கு நேரமில்லை, ஆகவே தண்ணீரும் குடிக்கவில்லை. பத்து மணிக்குக் கண்டக்டருக்கு ஊசி போட்டுவிட்டு, அடுத்தது நாலு மணிக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

மதியம் இரண்டரைக்கு மேல் அடுத்த வேளைச் செவிலி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். கடைசியில் ஊசி அலமாரியின் சாவி. அந்த அலமாரியில் இருப்பது மார்பின் போன்ற, போதைக்காகத் திருடுபோகக்கூடிய கடுமையான வலி மருந்துகள் என்பதால், சாவி ஒரு செவிலியின் கையிலிருந்து இன்னொரு செவிலியின் கைக்கு நேராகப் போக வேண்டும். கொடுத்தவளும் வாங்கியவளும் கையெழுத்துப் போட வேண்டும். நேரமில்லாத வார்டில் வேலை பார்ப்பவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். முதலில் இரண்டு பேரும் கையெழுத்தைப் போட்டுவிடுவது, சாவியைப் பிறகு கொடுத்துக்கொள்வது. அன்றும் அப்படியே போட்டார்கள். போட்டு முடிப்பதற்குள் இருபத்திரண்டாம் கட்டில்காரர் மூக்கில் செருகியிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டார். இருவரும் ஓடினார்கள். அவரைச் சமாளித்து நிமிர்ந்தபோது மணி இரண்டே முக்கால். “நான் பாத்துக்கறேன், நீங்க மொதல்ல கெளம்புங்க” என்றாள் வந்தவள். எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினாள். இறங்க வேண்டிய இடத்தில் யாரோ தோளைத் தட்டி இறக்கிவிட்டார்கள். வீட்டு வாசலில் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் காத்திருந்தாள். அம்மாவை முழித்த கண்ணோடு பார்த்து ஐந்து நாளாயிற்று; ஐந்து நாள் கதையும் அவளிடம் பாக்கி இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டு வந்து, கழற்றிய யூனிஃபார்மை வாளியில் போட்டாள் அம்மா. வாளியின் அடியில் ணங்கென்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் என்னவென்று கையை விட்டுப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊசி அலமாரியின் சாவி. போனை எடுத்தாள். இரவு வேலைக்காகச் சத்தத்தை அடைத்து வைத்தவள் திறக்க மறந்திருந்தாள். பதினோரு அழைப்புகள் வந்து போயிருந்தன. மணி நாலைத் தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் அன்று சீக்கிரம் வந்திருந்தார். அவள் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். கொடுக்கலாம்தான், யார் வாங்குவார்கள்? செவிலி கொடுத்தால்தான் செவிலி வாங்க முடியும். ஈரத் தலையோடு வண்டியில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தாள். தூங்கி விழுந்துவிடுவாளோ என்று பயந்து அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினார். மகள் வாசலிலேயே நின்றாள். அழக்கூட இல்லை, அவளுக்குப் பழகிவிட்டது.

வார்டு வாசலிலேயே மதியச் செவிலி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மணி நாலு ஐம்பது. அலுவலகத்தில் மாற்றுச் சாவி உண்டு, அரக்கு முத்திரை வைத்த உறைக்குள். உறையைப் பிரிக்கக் கண்காணிப்பாளர் கையெழுத்து வேண்டும். அவர் ஒரு கூட்டத்தில் இருந்தார். செவிலியர் நலன் பற்றிய கூட்டம் அது. நடுவில் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று வாசலில் ஆள் போட்டிருந்தார்கள்.

கண்டக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தலையணையின் ஒரு மூலை முழுவதும் பல் பதிந்து நனைந்திருந்தது. அவருடைய மனைவி எக்ஸ்பிரஸைப் பார்த்த பார்வையில் திட்டு எதுவும் இல்லை, நம்பிக்கை போயிருந்தது. ஊசியை இவள்தான் போட்டாள். மருந்து ஏறும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

“நாலுன்னு சொன்னியேம்மா” என்றார் அவர், திரும்பாமலே.

அதற்கு என்ன பதில் சொல்வது? கவனமில்லாமல் செய்துவிட்டேன் என்பதா, கவனிக்கிற மூளை காலையிலேயே வேலை செய்யாமல் போய்விட்டது என்பதா? மன்னிச்சுக்கோங்கய்யா என்று சொன்னாள். அவள் காதுக்கே அது ரொம்பச் சின்னதாகக் கேட்டது. அப்படியே செத்துப் போய்விடலாம் போலிருந்தது.

ஹெட் சிஸ்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை மருந்துப் பெட்டி ஒன்றின் மேல் தூக்கி வைத்திருந்தார். மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாள். அலுவலகத்துக்கு விஷயம் போய்விட்டது, ஆறு மணிக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

“காலைல எட்டு மணிக்கு டூட்டி முடிச்சுப் போறப்ப, கவனக்குறைவா சாவிய எடுத்துட்டுப் போயிட்டேன்னு எழுது.”

எக்ஸ்பிரஸ் தேதியைப் போட்டாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. எட்டு மணி என்று எழுதினால், மார்பின் அலமாரியின் சாவி ஒன்பது மணி நேரம் அவள் வீட்டில் இருந்தது என்று ஆகும். ஏன் இருந்தது, அதை வைத்து என்ன செய்தாய் என்று விசாரணை வரும். திருட்டுப் பட்டம் ஒட்டிக்கொண்டால் செவிலியர் பதிவையே பிடுங்கிவிடுவார்கள். அதன் பிறகு எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் கால் வைக்க முடியாது. அவளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு எதுவும் தெரியாது. தூக்கத்துக்கு நடுவிலும் இது மட்டும் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது.

“அப்ப பத்து மணி ஊசிய யார் போட்டாங்க சிஸ்டர்?”

 ஹெட் சிஸ்டர் குரலை உயர்த்தாமல், ஏறக்குறையக் கெஞ்சுகிற மாதிரிப் பேசினார். வார்டு ரிஜிஸ்டரையெல்லாம் அலுவலகத்தில் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், வருகைப் பதிவேட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடித்துவிடப் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு வேளை பார்த்தேன் என்று எழுதினால், பார்க்கச் சொன்னது யார் என்று கேட்பார்கள். தனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம்தான் இருக்கிறது என்றார்.

எக்ஸ்பிரஸுக்குக் கோபம் வந்தது. அந்த வீங்கிய காலைப் பார்த்தால் இரக்கமும் வந்தது. இரண்டில் எதையும் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அதுவும் அவளிடம் இல்லை. குனிந்து நடந்ததை எழுதினாள். நேற்று இரவு எட்டு மணி முதல் இன்று மதியம் இரண்டே முக்கால் வரை தொடர்ந்து பணியில் இருந்தேன். சாவியைக் கொடுப்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டோம், அது தவறு. நேரமில்லாததால் எப்போதும் அப்படித்தான் செய்கிறோம். நோயாளி ஒருவர் ஐம்பது நிமிஷம் வலியில் துடித்தார். எழுதி முடித்துத் தாளை அந்தப் பக்கம் தள்ளினாள்.

ஹெட் சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“இதுல ஒரு தப்பு இருக்கு” என்றார்.

எக்ஸ்பிரஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போய்த் தூங்கினியா?”

“இல்ல சிஸ்டர்.”

“அப்ப ரெண்டே முக்கால அடிச்சிடு. மணி இப்ப அஞ்சரை. அஞ்சரைன்னு போடு.”

அடித்து, அஞ்சரை என்று எழுதினாள். கையெழுத்துப் போடக் குனிந்தபோது ஹெட் சிஸ்டர் தாளின்மேல் கையை வைத்துத் தடுத்தார்.

“ஒட்டிப் போடாத. நடுவுல ரெண்டு வரி எடம் விடு. நான் நேத்துக் காலைலேருந்து இங்கதான் இருக்கேன், அதையும் எழுதணும்.”