பதினோரு பேர் குடித்த ஆய்வு

"'இருமலுக்கு இதம் தரும்'னு போட்டா எவன் வாங்குவான்? 'ஆஸ்துமாவைக் குணமாக்கும்'னு போடு. கீழே 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது'ன்னு போட்டுடு," என்றார் மூலிகை சிரப் கம்பெனி முதலாளி.

லேபிள் வடிவமைப்பவன் கணினியிலிருந்து திரும்பினான். "எந்த ஆய்வு சார்?"

"போன மாசம் ஆபீஸ்ல பதினோரு பேரு குடிச்சோமே, யாராவது இருமினோமா?"

அறையே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டுச் சொன்னபடியே அடித்தான். அதிமதுரம், இஞ்சி, தேன்தானே, யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்துக்கொண்டான்.

அவனுடைய அக்கா தையல்காரி. பல வருட ஆஸ்துமா. காலையும் மாலையும் இன்ஹேலர் இழுத்தால்தான் மெஷினை மிதிக்க முடியும். கடையில் அந்தப் பாட்டிலைப் பார்த்தவள், தம்பியின் கம்பெனி என்று பெருமையோடு வாங்கினாள். இன்ஹேலர் அலமாரிக்குள் போனது. அவனிடம் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம், துணி வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு மூச்சடைத்தது. உதடு நீலம் பாரித்து, பேச்சு வராமல் மேஜையைத் தட்டியவளைப் பக்கத்துக் கடைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.

"தேன் இருமலைக் கொஞ்சம் தணிக்கும்னு ஆய்வு இருக்கு. ஆனா இந்த சிரப் ஆஸ்துமாவைக் குணமாக்கும்னு எவன் சோதிச்சான்? இன்ஹேலரை யாரு நிறுத்தச் சொன்னது?" என்று அவள் பையிலிருந்த பாட்டிலைக் காட்டி டாக்டர் சீறினார்.

அக்கா மூச்சுக்கருவியின் முகமூடியை விலக்கி, சேதி கேட்டு ஓடிவந்திருந்த தம்பியைப் பார்த்தாள். "நீ போட்ட லேபிள்தானேடா... நீ பொய்யாவா போட்டிருப்பே?"

அவன் முகமூடியை எடுத்து மறுபடி அவள் முகத்தில் பொருத்தினான்.

மறுநாள் முதலாளி அறைக்குப் போனவன் வாசலிலேயே நின்றான். அவர் இன்ஹேலரை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வீசிங்தாம்பா," என்றார் கூச்சமே இல்லாமல். "வியாபாரம் வேற, வைத்தியம் வேற. அக்கா தேறிட்டாங்களா? நம்ம சிரப்புலதான் பொழைச்சேன்னு சொல்லச் சொல்லு, ஒரு வீடியோ எடுத்துடுவோம்."

அவன் குழாயடிக்குப் போய்க் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அருவருப்பு அவர் மேலா, சிரித்துக்கொண்டே அடித்த தன் விரல்கள் மேலா என்று புரியவில்லை.

அன்றே வேலையை உதறினான். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்தபோது, "இந்த லேபிளை எழுதினது யாரு?" என்று கேட்டார்கள். "நான்தான்," என்றான். அடுத்த வாரமே கடைகளிலிருந்து பாட்டில்களை எடுக்க உத்தரவு வந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதான்.

"மூலிகை மேல குத்தம் இல்லடா," என்றாள் அவள். "சோதிக்காததை நிரூபிச்சாச்சுன்னு எழுதறதுதான் விஷம். டாக்டரைக் கேக்காம மருந்தை நிறுத்தினது என் மடத்தனம். எந்த பாட்டில்ல 'நிரூபிச்சது'ன்னு போட்டிருந்தாலும், யாரு, எங்க, எத்தனை பேர்கிட்ட நிரூபிச்சான்னு கேக்கணும்டா."