ஜோடி மெஷின்

தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினைத் தனியாளாகத் தூக்க முடியாது. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடிக்க வேண்டும். பின்னால் ஒருவர், வெட்டிய கொழுந்து விழும் பையை ஏந்திக்கொண்டு வர வேண்டும். அதனால் கங்காணி பழனியப்பன் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஜோடியில் ஒருவன் லீவு போட்டால் மற்றவனுக்கும் அன்று வேலை கிடையாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

சிவசாமிக்கு வந்தது. ஓயாத இருமல், நெஞ்சில் குத்தல். அவனுடைய ஜோடி குகனேஸ்வரன், மனைவி ருக்குமணியின் தம்பி. குகன் வீட்டில் பச்சைக் குழந்தை வேறு. தான் படுத்தால் அவன் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும் என்பதுதான் சிவசாமியின் கவலை.

தானா ராத்தா டவுன் கிளினிக்கில் டாக்டர் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார். ஒரு வாரத்துக்கு எம்சி லீவுச் சீட்டு வாங்கிக்கொண்டு படுக்கச் சொன்னார். சிவசாமி மருந்து மட்டும் போதும் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டான்.

ருக்குமணி பிடிபிடியென்று பிடித்தாள். "எம்சி குடுத்தா வாங்கிட்டு வர வேண்டியதுதானே? செத்துக் கித்துப் போனா யாரு பாக்கறது?"

"நான் இல்லாட்டி ஒந்தம்பி நடுத்தெருவுல நிப்பான்லா."

அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பொய் சொல்வானேன்?

மறுநாள் சரிவில் பாதி வரிசை போவதற்குள் மூச்சு இரைத்தது.

"மாமா, ஒக்காருங்க. மொகமே சரியில்ல."

"இந்த வரிசைய முடிச்சிருவோம் மச்சான்."

முடிக்கவில்லை. கண் இருட்டி, பிடி நழுவி, செடிகளுக்கு நடுவே விழுந்தான். குகன் பதறி என்ஜினை அணைத்தான்.

கங்காணி வந்து பார்த்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு மேல் சரிவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ரஃபீக், இங்க வா! கொழுந்து ஏத்த லோரி வர்ற நேரமாச்சி."

களை பிடுங்கிக்கொண்டிருந்த வங்காளதேசத்து ஆள் ஓடி வந்து சிவசாமியின் பக்கத்தைப் பிடித்தான். குகன் மாமாவைப் பார்த்தான், கங்காணியைப் பார்த்தான், குனிந்து தன் பக்கத்தைத் தூக்கினான். மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

அவ்வளவுதான். சட்டமாவது ஒன்றாவது! மாற்று ஆள் எப்போதும் இருந்திருக்கிறான். மிரட்டல்தான் சட்டம் என்ற பெயரில் நடமாடியிருக்கிறது. அதை நம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மலை ஏறிய முட்டாள் தான்தான் என்று நினைத்தபோது சிவசாமிக்கு அழுகை வந்தது.

அழுகைக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. தான் இல்லாமலே நடக்கிற வேலைக்கு நாளை தான் எதற்கு? செடியைப் பிடித்து எழுந்தான்.

"கங்காணி, பைய நான் புடிக்கிறேன்."

"முடியுமா ஒன்னால?"

"முடியும்லா."

கங்காணி கொஞ்சம் யோசித்தார். பை பிடித்தவனைக் களைக்கு அனுப்பினார்.

சிவசாமி இருமிக்கொண்டே பின்னால் நடந்தான். இருமல் கேட்டுக் குகனின் கால் தயங்கியது. ரஃபீக்கும் நின்று திரும்பிப் பார்த்தான்.

"நிக்காத மச்சான், போ," என்றான் சிவசாமி. "கங்காணி பாக்கறாரு."